ஒன்றாகப் புழுங்கியவர்கள்

மதியம் மூன்று மணிக்குத் தேனகம் குடியிருப்பின் நானூறு சிறகிகளில் ஒன்றைத் தவிர அத்தனையும் ஒன்றாகப் படபடத்தன. பத்து நிமிடத்தில் வீடுகள் சில்லிட்டு, பிள்ளைகள் தும்ம ஆரம்பிக்க, அத்தனையும் ஒன்றாக நின்றன. உடனே புழுக்கம். மறுபடி படபடப்பு. காலையிலிருந்து இது பதினோராவது முறை.

வேலூர் வெயிலை ஏசி இல்லாமலே அடக்கிக் காட்டுகிறேன் என்று ஆறு வருடங்களுக்கு முன் அந்தச் சிறகிகளைப் பொருத்தியவள் இன்பவல்லி. வீட்டுக்கு ஒன்று, நீர் கசியவிட்ட ஈரச்சுவரை ஒட்டி முறம் அளவில் ஓர் இறக்கை. வீட்டுக்காரர் மணிக்கட்டில் புழுக்கக் காப்பு இருக்கும். அவருக்குப் புழுங்குகிறது என்று அது சொன்னால்தான் இறக்கை அடிக்கும்.

"இந்த மாசம் முடியறவரைக்கும் பாக்கறேன்மா," என்றார் சங்கச் செயலாளர் தாமோதரன். தோளில் துண்டும் கையில் சால்வையுமாக நின்றார் மனிதர். "அப்பவும் சரியாவலன்னா எல்லாத்தையும் கழட்டிட்டு ஏசி மாட்டிடுவோம்."

ஆறு வருட உழைப்பைப் பழைய இரும்புக்கு விட இன்பவல்லி தயாராக இல்லை. இறக்கைகளை அசைக்கும் சுருள்வில்களை மூன்று முறை மாற்றியாகிவிட்டது. மிச்சமிருந்தது மூன்றாம் மாடி அருளப்பன் வீடு. அந்தச் சிறகி மட்டும் அடிப்பதே இல்லை என்று அக்கம்பக்கத்தில் புகார்.

தூத்துக்குடி உப்பளத்தில் முப்பது வருடம் வேலை பார்த்துவிட்டு நான்கு மாதத்துக்கு முன் குடிவந்தவர் அருளப்பன். அந்தப் புழுக்கத்திலும் சூடாகக் கடுங்காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குப் புழுங்கலையா ஐயா?"

"உப்பளத்துல நின்னவனுக்கு இதெல்லாம் ஒரு சூடா தாயி?"

அவளுக்குச் சுரீரென்றது. தேன்கூட்டைப் பார்த்துத்தானே இதைச் செய்தாள்? அங்கே எல்லாத் தேனீக்கும் ஒரே அளவில் சுடுவதில்லை. ஒன்று முந்தி விசிறும், ஒன்று பிந்தி விசிறும். ஒவ்வொன்றாகச் சேர்வதால்தான் கூட்டின் சூடு நிதானமாக நிற்கிறது.

பழைய பதிவுகளைப் புரட்டினாள். முதல் வருடம் சிலருக்கு இருபத்தேழு டிகிரியில் புழுங்கியது, சிலருக்கு முப்பத்து நான்கில். இப்போதோ அருளப்பனைத் தவிர அத்தனை பேருக்கும் இருபத்தொன்பது. கோளாறு சுருள்வில்லில் இல்லை. ஆறு வருடச் சுகம் எல்லாரையும் ஒரே உடம்பாக்கியிருந்தது.

"சொகுசா இருக்கத்தானம்மா இங்க வந்தோம்," என்றார் தாமோதரன் பாவமாக.

"அந்தச் சொகுசு நிக்கணும்னா கொஞ்சம் கஷ்டப்படணும் சார். ஆளுக்கொரு அளவு."

சீட்டுக் குலுக்கினார்கள். சிலருக்குத் தினமும் ஒரு மணி நேரம் மொட்டைமாடி வெயில், சிலருக்கு அடித்தளத்துக் குளிர் அறை, சிலருக்கு ஒன்றுமில்லை. தாமோதரனுக்கு வெயில் விழுந்தது. குடை கொண்டுபோகக் கூடாது என்று அவருடைய சங்கமே தீர்மானம் போட்டது.

மாதக் கடைசியில் மூன்று மணிக்குச் சிறகிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தன. வெப்பமானி அசையவில்லை. கழற்றும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. தனக்குச் சீட்டில் விழுந்த குளிர் அறையில் நடுங்கியபடி இன்பவல்லி மனசார மகிழ்ந்தாள்.

மாலையில் அருளப்பன் எதிர்ப்பட்டார். "இங்க வந்த பொறவு நல்லாத் தூக்கம் வருது தாயி."

அவருடைய பதிவைப் பார்த்தாள். முப்பத்து நான்கில் இருந்தவர் முப்பத்திரண்டுக்கு இறங்கியிருந்தார்.

மனசில்லாமல்தான் எழுதினாள்: அருளப்பன், மொட்டைமாடி, திங்கள் முதல்.