ஈரமில்லாத கசிவு

அழுத்தமானியின் முள் ஒன்றரையில் நிற்க வேண்டும். அன்று மாலை அது ஒன்றுக்கும் கீழே சாய்ந்து கிடந்தது. காலையில் ஸ்மரண்டா தன் கையாலேயே குழாயைத் திறந்து கொதிகலனுக்குள் நீர் விட்டு, முள் ஏறி ஒன்றரையைத் தொட்ட பிறகுதான் மூடியிருந்தாள். முந்தின நாளும் அப்படியே. போன நீர் எங்கே போயிற்று என்று ஒவ்வொரு அறையாகக் குனிந்து பார்த்தாள். சுவரோரங்களில் ஈரமில்லை, பலகைகளின் இடுக்கில் ஈரமில்லை, கொதிகலன் நின்ற சமையலறையின் சிமெண்டுத் தரையில், பனிக்காலணி விட்டுச்சென்ற சேற்றுத் தடம் தவிர வேறொன்றும் இல்லை.

அந்த வீட்டு விறகுக் கொதிகலனின் நீர் ஒரு செக்குமாட்டைப் போன்றது. அடுப்பில் விறகு எரிய, உள்ளிருக்கும் நீர் சூடாகி, தரைக்கடியில் ஓடும் குழாய்களின் வழியே நான்கு அறைகளிலும் சன்னலுக்குக் கீழே நிற்கும் இரும்பு ரேடியேட்டர்களுக்குள் புகுந்து, வெம்மையை அங்கே விட்டுவிட்டு, ஆறிப்போய்த் திரும்பி வரும். சுற்றிச் சுற்றி வருவதன்றி அந்த நீருக்கு வேறு தொழில் கிடையாது. வெளியேற வாசலும் கிடையாது. நீர் குறைந்த கொதிகலனில் தீயை வளர்த்தால் அது வெடிக்கும். தீயை அணைத்தாலோ, வெளியே மலைச்சரிவு முழுவதும் உறைந்து கிடக்கும் தை மாதக் குளிர் ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். தொட்டிலில் ஆன்கா கிடந்தாள். குறைமாதத்தில் பிறந்து, மருத்துவமனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பல வாரங்கள் இருந்து, கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்புதான் வீட்டுக்கு வந்தவள். குளிர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும்தான் டாக்டர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்.

கணவன் லிவியு ஸ்பெயினில், தக்காளித் தோட்டக் கொட்டகைகளில் கூலி வேலை பார்த்தான். அவன் குரல் தொலைபேசியில் எப்போதும் காற்றோடு வரும்.

"முள்ளு எங்க நிக்குது?"

"ஒண்ணுக்கும் கீழ."

"நேத்துதானே ரொப்புனேன்னு சொன்ன?"

"இன்னிக்கும்தான் ரொப்புனேன். பொழுது சாயறதுக்குள்ள குடிச்சுடுது."

"பாய்லர் குடிக்காது, கண்ணு. எங்கயோ ஒழுகுது. பந்தேலிமோன் மேஸ்திரியக் கூப்பிடு. அந்த ஆளு கொட்டாவி விட்டாலே காசு கேப்பாரு, ஆனா தொழில் தெரிஞ்சவரு."

அவள் விளக்கை அணைத்துவிட்டு, குழந்தையை மார்போடு அணைத்துப் படுத்தாள். எரிந்த பீச் மரப் புகையும், சுவரின் பழைய சுண்ணாம்பும், குழந்தையின் தலையில் மணக்கும் பாலும் சேர்ந்த வாசனை அறையில் நிறைந்திருக்க, தரைக்கடியில் நீர் நகரும் ஓசையை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அது ஓடும் நீரின் ஓசையாக இல்லை. சற்று ஓடி, நின்று, மறுபடி ஓடி, நின்றது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பின்னறைப் பக்கமிருந்து 'களுக்' என்று ஒரு சத்தம் வந்தது. வறண்ட தொண்டையில் மிடறு இறங்குவது போல.

பின்னறை மாமியார் பரஸ்கீவாவுடையது. இலையுதிர் காலத்தில் அந்தக் கட்டிலில்தான் அவள் உயிர் பிரிந்தது. நுரையீரலில் நீர் கோத்திருந்ததால் குடிக்கும் தண்ணீரை டாக்டர் கரண்டிக் கணக்கில் குறைத்துவிட்டார். கடைசி நாட்களில் அவள் பல் போன வாயை மென்றபடி தம்ளரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேஸ்திரி மறுநாள் பகலில் வந்தார். தடித்த மனிதர்; குனியும்போதெல்லாம் முனகினார். புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார்: பாய்லரின் வயிறு கீறியிருந்தால் நீர் தீயில் விழுந்து வெள்ளை ஆவி வரும், அது வரவில்லை. சூட்டில் விரியும் நீருக்கு இடம் தரும் விரிவுத் தொட்டியின் காற்று ஊசியை அழுத்தினார்: உள்ளே ரப்பர் கிழிந்திருந்தால் நீர் பீறிடும், காற்றுதான் வந்தது. ஒவ்வொரு மூட்டிலும் மெல்லிய காகிதத்தைச் சுற்றி வைத்துவிட்டு, பிளம் சாராயம் ஒரு கோப்பை வாங்கிக் குடித்து, அரை மணி கழித்து அவிழ்த்துப் பார்த்தார். ஒரு காகிதமும் நனையவில்லை.

"எலி குடிச்சிருக்கும்னு வெச்சுக்கிட்டாலும், எருமை சைஸ்ல எலி வேணும்," என்றார்.

பிறகு அறை அறையாகப் பூட்டிப் பார்த்தார். அந்தந்த அறைக்குப் போகும் குழாயின் திருகை அடைத்து, முள்ளைக் கவனிப்பார். விழுந்தால் பழுது வேறெங்கோ இருக்கிறது. அடுத்ததை அடைப்பார். பின்னறையை அடைத்தபோது முள் அசையாமல் நின்றது. வெகுநேரம் நின்றது. மீண்டும் திறந்தார். இருவர் கண்ணெதிரிலேயே முள் ஒரு மயிரிழை இறங்கிற்று. உள்ளே எங்கோ, களுக்.

மேஸ்திரி பின்னறைக்குள் போய்க் கம்பளத்தைச் சுருட்டிவிட்டு, தரையில் இரு உள்ளங்கைகளையும் பதித்துப் பார்த்தார்.

"சுக்கு மாதிரி காஞ்சு கெடக்கு. எனக்கே புரியல." முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "இதோ பாரும்மா, வெளிப்படையாச் சொல்றேன். தரையை ஒடைச்சுப் பைப்பைத் தேடணும்னா மூவாயிரம் லெய் ஆகும். சாமான் ஒண்ணும் பெரிசில்ல, எல்லாம் ஒடைக்கிற கூலி. ஒடைச்ச எடத்துல ஓட்டை இல்லேன்னா அடுத்த எடம் ஒடைக்கணும், அதுக்குத் தனி. இல்லையா, இந்த ஒரு ரூமை மட்டும் வெட்டி, பைப்புக்கு மூடி போட்டுடறேன். நூத்தம்பது குடு, போதும். ஒங்க அத்தை வந்து குளிருதுன்னா சொல்லப் போறா?"

சொன்னவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, அவசரமாகச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

நூற்றைம்பதுதான் ஸ்மரண்டாவிடம் இருந்தது. இருந்ததைக் கொடுத்தாள். மூடிகள் பளபளவென்று பித்தளையில் ஏறின. அன்று மாலை முள் ஒன்றரையில் நின்றது, மறுநாளும் நின்றது, அதன் பிறகு அது ஓவியத்தில் வரைந்த முள்ளைப் போல நின்றுவிட்டது. தரைக்கடியில் நீர் தடங்கலின்றி ஓடியது. லிவியு தொலைபேசியில் சிரித்தான். வீடு கதகதப்பாக இருந்தது.

குழந்தைதான் நிறையக் குடிக்கத் தொடங்கினாள்.

முதலில் அது ஸ்மரண்டாவுக்கு மகிழ்ச்சியாக இருந்தது. எடை ஏறட்டும் என்று ஏங்கியிருந்தவள் அவள். ஆன்கா மார்பைப் பற்றினால் விடவில்லை. ஒரு பக்கம் தீர்ந்ததும் மறுபக்கத்துக்கு அழுதாள். புட்டிப் பாலையும் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினாள். ஒவ்வொரு மிடறும் தெளிவாகக் கேட்டது. துணியை மாற்ற அவிழ்த்தபோது, அது காய்ந்திருந்தது. அடுத்த முறையும் காய்ந்திருந்தது. கொடியில் உலர்த்தி எடுத்த துணி எப்படியோ அப்படி.

எவ்வளவோ உள்ளே போகிறது. எங்கும் ஈரமில்லை.

பனி இரண்டு நாளாக விடாமல் கொட்டி, நகரத்துக்குப் போகும் சாலை அடைபட்டிருந்தது. பக்கத்து வீட்டு வேத்தா முழங்காலளவு பனியில் நடந்து வந்து, குழந்தையைக் கையில் வாங்கினாள். வாங்கியதும் அவள் முகம் மாறிற்று.

"என்னடி இது, கோழிக்குஞ்சைத் தூக்குற மாதிரி இருக்கு? பால் குடுக்கறியா, இல்ல பால் படத்தைக் காட்டுறியா?"

"குடிச்சுக்கிட்டே இருக்கா அக்கா. நிறுத்தவே மாட்டேங்கறா."

வேத்தா குழந்தையின் உச்சிக்குழியைத் தடவினாள். விரல் அங்கே ஒரு சிறு பள்ளத்தில் இறங்கியது. குழந்தையைத் தாயின் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. ஒங்க அத்தை பேர்ல எனக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்தியே, அது கிணத்துல எறைச்சதுதானே?"

அந்த ஊரில் ஒருவர் இறந்தால், வீட்டுப் பெண் நாற்பது நாள் தன் கையால் கிணற்றில் நீர் இறைத்து, இறந்தவர் பேரைச் சொல்லி அயலாருக்குக் குடிக்கக் கொடுப்பாள். அவர்கள் குடிக்கக் குடிக்க, போனவரின் தாகம் அடங்கும்.

"கிணத்துத் தண்ணிதான், அக்கா. குழாய்ல வர்றதும் மோட்டார் போட்டு அதே கிணத்துலேருந்து வர்றதுதானே? வயித்துப் புள்ளையோட நான் எப்படிக் குனிஞ்சு எறைக்கறது? அப்புறம் நாற்பது முடியறதுக்குள்ள வலி வந்து, ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"அட, குழாய்ல புடிச்சியா!" வேத்தா தலைக்குட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அதான் தினம் வெதுவெதுன்னு இருந்துச்சு. சொன்னா ஒனக்கு மனசு கஷ்டப்படும்னு, நானும் மொகத்தைச் சுளிக்காமக் குடிச்சேன்."

அந்தத் தண்ணீருக்காக ஸ்மரண்டா ஒரு நாளும் சுடுநீர்க் குழாயைத் திறந்ததில்லை.

வேத்தா போன பிறகு அவள் மேஸ்திரியை அழைத்தாள். பின்னறையைத் திரும்பவும் குழாயோடு சேர்த்துவிடுங்கள் என்றாள்.

"என்னம்மா, நல்லா ஓடற பாய்லரை யாராவது காசு குடுத்துக் கெடுப்பாங்களா?"

"அது குடிச்சா குடிச்சுட்டுப் போகட்டும், மேஸ்திரி. பைப்புலேருந்தே குடிக்கட்டும்."

"ரோடு தொறந்ததும் வரேன், தாயி. நீ கொஞ்சம் தூங்கு."

மருத்துவமனைக்கும் பேசினாள். தாதி, துணி நனையவில்லை என்று கேட்டதுமே குரல் மாறி, உடனே கொண்டுவாருங்கள் என்றாள். சாலை அடைபட்டதைச் சொன்னதும், பனி தள்ளும் வண்டி விடிந்ததும் வரும், அதுவரை பாலை நிறுத்தாமல் கொடுங்கள் என்றாள். நிறுத்தாமல்தான் கொடுத்தாள். குழந்தையின் கண்கள் உள்ளே போயிருந்தன. அழும்போது கண்ணீர் வரவில்லை.

மாலை மங்கும் நேரத்தில் ஸ்மரண்டா கிணற்றுக்குப் போனாள். வாளியை வீசி மேல் பனிக்கட்டியை உடைத்து, விரல்கள் கயிற்றோடு ஒட்டிக்கொள்ள, நீர் இறைத்தாள். நிரம்பிய வாளியைப் பின்னறைக் கட்டிலுக்கு முன்னால் வைத்தாள்.

"பரஸ்கீவா அத்தை பேர்ல," என்றாள். "எடுத்துக்கங்க. எல்லாத்தையும் எடுத்துக்கங்க."

நீரின் மேல் ஒரு பனிச்சில்லு மிதந்தது. அது அசையவில்லை. அவள் காத்திருந்தாள். வாளி தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது. தண்ணீர் இப்போது வேண்டாதது போல.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த அறை குளிரவில்லை.

சன்னலுக்குக் கீழே அந்த ரேடியேட்டர் நின்றது. வெட்டப்பட்ட குழாய், பித்தளை மூடியோடு, ஒரு சாண் தள்ளி நின்றது. இரண்டுக்கும் நடுவே வெறும் காற்று. அவள் இரும்பின் மேல் கை வைத்தாள்.

சூடாக இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது. தோலைப் போல.

மேலோரத்தில் காற்று வெளியேற்றும் சிறு திருகு இருந்தது. அதைத் திறக்கும் சாவியை மேஸ்திரி சன்னல் விளிம்பில் விட்டுப் போயிருந்தார். எடுத்தது திரும்ப வரலாம். திறந்தால் வரலாம். வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. சமையலறைத் தொட்டிலில் ஆன்கா ஈனஸ்வரத்தில் அழுதுகொண்டிருந்தாள்.

சாவியைத் திருப்பினாள்.

முதலில் காற்று. நீண்ட பெருமூச்சு.

பிறகு ஒரு துளி. துருநீர் கறுப்பாக வரும் என்று எதிர்பார்த்தாள். அது வெள்ளையாக இருந்தது.

இன்னொரு துளி. பிறகு நூலாக. ஆவி பறக்க, இரும்பில் வழிந்து, காய்ந்த தரையில் விழுந்தது. அந்த வாசனை அவளுக்குத் தெரியும். அது அவளுடைய பால்.

சாவியை மறுபக்கம் திருப்பினாள். நிற்கவில்லை. இறுக்கினாள். நிற்கவில்லை. அங்கே அழுகை தேய்ந்துகொண்டே வந்தது.

"வேணாம்," என்றாள். "வேணாம், வேணாம்." உள்ளங்கையால் துளையை அழுத்தி மூடினாள்.

சமையலறையில் அழுகை நின்றது.

பால் நின்றது. வீட்டில் ஓசையே இல்லை. அவள் ஓடத் திரும்பினாள்.

கை வரவில்லை.

இரும்புக்குள்ளிருந்து ஏதோ அவள் உள்ளங்கையைக் கவ்வியிருந்தது. மெத்தென்று. ஈரமாக. பற்களில்லாத ஈறுகளால். கண் மூடிய பொறுமையோடு, அது உறிஞ்சத் தொடங்கியது.