மஞ்சள் எரியும்வரை

2058 மார்ச் 3, ஞாயிற்றுக்கிழமை, கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் ஒரு திருமண மண்டபத்தில் நூற்று அறுபத்திரண்டு பேர் இடது கையை உயர்த்திக் காட்டினார்கள். நூற்று நாற்பத்தெட்டு மணிக்கட்டுகளில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

கைதட்டல் எழுந்தது. கடைசி வரிசையில் இருந்த குணசீலன் தட்டவில்லை. அந்த மஞ்சளை எந்த அளவில் எரிய வைப்பது என்று தீர்மானித்தவர் அவர்தான்.

நஞ்சுகாட்டிப் பட்டை அவர் வேலை பார்க்கும் நிறுவனத்தின் கண்டுபிடிப்பு. குடிநீர் கெட்டு ஊரே படுத்துவிட்ட ஓர் ஆண்டுக்குப் பிறகு அதை அணிவது கட்டாயமாயிற்று. தோலுக்கடியில் ஓடும் ரத்தத்தை ஒளியால் படித்து, நஞ்சு இல்லையென்றால் பச்சை, ஏறத் தொடங்கினால் மஞ்சள், உயிருக்கு ஆபத்தென்றால் சிவப்பு காட்டும். ஆஸ்பத்திரிகளில் நாடி பிடிப்பதற்கு முன் பட்டையைத்தான் பார்த்தார்கள்.

ஆப்ரிகாட் கொட்டையை உடைத்தால் உள்ளே கசப்பான பருப்பு இருக்கும். அது புற்றுநோயைக் கரைக்கும் என்று நம்புகிறவர்கள் பல தலைமுறைகளாக இருந்தார்கள். அதில் ஒன்றுமில்லை என்று மருத்துவர்களும் அத்தனை காலமாகச் சொல்லி வந்தார்கள். பருப்பு வயிற்றுக்குள் போனால் சயனைடு உண்டாகும்; பட்டை அதைத்தான் மஞ்சளாகக் காட்டியது. மண்டபத்தில் கூடியிருந்த, பருப்பை மருந்தாகத் தின்னும் விதை வட்டத்தார் அதை வேறு விதமாகப் படித்தார்கள். ஒன்றுமில்லாத பொருளுக்கு விளக்கு ஏன் எரிய வேண்டும்? மருந்து ரத்தத்தில் சேர்ந்துவிட்டது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி? மஞ்சள் வரும்வரை தின்பது, சிவப்புக்கு முன் நிறுத்திக்கொள்வது என்று ஒரு வழக்கம் உருவாகிவிட்டது.

மூன்றாவது வரிசையில் கையை உயர்த்தியிருந்தவள் குணசீலனின் தங்கை கோமதி. நாற்பத்து நான்கு வயது, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பெருங்குடலில் கட்டி. ஆறு வாரத்துக்குள் அறுவை செய்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருப்பதாக டாக்டர் சொல்லி நான்கு வாரம் போயிருந்தது.

திரும்பும் வழியில் வண்டியில் அவர் மறுபடி ஆரம்பித்தார்.

"அம்மிணி, அது வெசம். வெசம்னு சொல்றதுக்குத்தான் அந்த வெளக்கையே வெச்சோம்."

"கீமோவும் வெசந்தானுங்கண்ணா. எங்க வீட்டுக்காரருக்குப் பதினோரு மாசம் ஏத்துனாங்க. நீங்கதான வண்டி ஓட்டுனீங்க? கடைசியில எங் கையப் புடிச்சுட்டு, இது யாரு கைன்னு கேட்டாரு."

"அவருக்குக் கண்டுபிடிச்சதே லேட்டு. உனக்கு அப்பிடியில்ல. டாக்டரம்மா எம்பது பர்சென்ட்ங்கறாங்க."

"பர்சென்டேஜ் நான் இருவது வருசமா நடத்தறனுங்க. அத வெச்சு என்னென்ன ஏமாத்தலாம்னு எங்கிட்டச் சொல்றீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். அடுத்த நிமிடமே அதற்காகக் கூசிப்போனார்.

மனிதர் பேச்சை அவள் கேட்கப்போவதில்லை. அவள் நம்புவது விளக்கை மட்டும். அந்த மஞ்சள் வராமல் போனால் நம்பிக்கையும் போய்விடும் என்று குணசீலன் கணக்குப் போட்டார். புதன்கிழமை, சுத்தம் செய்து தருவதாகச் சொல்லிப் பட்டையை வாங்கினார். எவ்வளவு நஞ்சு ஏறினாலும் பச்சையே எரியும்படி அளவை மாற்றினார். சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றம் அது. நான்கு நிமிடத்தில் முடிந்தது.

சனிக்கிழமை போனில் கேட்டார்.

"என்ன நெறம் காட்டுது?"

"பச்சை. மூணு நாளா பச்சைதான்."

"பாத்தியா? அதுல ஒண்ணுமில்ல அம்மிணி. ஆஸ்பத்திரியில பேர் குடுத்துரலாம்."

"நாளைக்கு வாங்கண்ணா, பேசலாம்" என்றாள். பல வாரங்களுக்குப் பிறகு அன்று அவர் வயிறார உண்டார்.

ஞாயிறு காலை அவர் போனபோது கோமதி சமையலறைத் தரையில் சாய்ந்து கிடந்தாள். பக்கத்தில் வாந்தி. மிக்ஸி ஜாரில் அரைத்த பருப்பு பாதி மிச்சமிருந்தது.

"வட்டத் தலைவர்கிட்டக் கேட்டனுங்கண்ணா. கட்டி பெருசாகி மருந்த அதுவே குடிச்சுருதாம். பச்சை மாறுற வரைக்கும் கூட்டச் சொன்னாரு."

"எத்தனை தின்ன?"

"எண்ணலைங்க."

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் முதலில் அவள் மணிக்கட்டைப் பார்த்தார். "பச்சை. விஷம் எதுவும் இல்ல. வாந்தியில தண்ணிச்சத்து போயிருக்கு. டிரிப்ஸ் போடுங்க."

"கொட்டைப் பருப்பு தின்னிருக்கா டாக்டர். சயனைடு."

"இருந்தா பட்டை காட்டியிருக்குங்க."

"பட்டை பொய் சொல்லுது."

"பட்டை பொய் சொல்லாதுங்க."

"நாந்தான் சொல்ல வெச்சேன்."

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நஞ்சுமுறி மருந்தைக் கொண்டுவரச் சொல்லி ஓடினார். அது கீழ்த்தளக் கிடங்கிலிருந்து வந்து சேர இருபது நிமிடம் ஆனது. கோமதிக்கு அதற்குள் இரண்டு முறை வலிப்பு வந்திருந்தது. மதியம் ஒன்று பத்துக்கு அவள் இறந்தாள்.

குணசீலன் அங்கிருந்தே காவல் நிலையத்துக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். அது நிறுவனம் அவருக்குச் சொல்லிக்கொடுத்த கதை என்றது விதை வட்டம். கோமதியின் பட்டைப் பதிவை அது அச்சிட்டு வெளியிட்டது: கடைசி நான்கு நாளும், இறந்த நொடிவரை, பச்சை. விதை யாரையும் கொல்லாது என்பதற்கு அரசாங்க முத்திரையுள்ள முதல் ஆதாரம் என்று கீழே எழுதியிருந்தார்கள்.

ஏப்ரலில் வட்டத்தில் புதிதாக எழுபத்தொரு பேர் சேர்ந்தார்கள். அவர்களில் மூவருக்கு அந்த மாதம் அறுவைக்கு நாள் குறித்திருந்தது. மூவரும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை.