அசையாதே, மேனேஜர்!

மேனேஜரின் விலை நாலு கோடி!

கேட்டவர்களுக்கெல்லாம் கண்ணாடிக் கடைக்காரி சொன்ன தொகை அது. மூக்குக்கண்ணாடி விற்கும்போது சில்லறைக்காக மல்லுக்கு நிற்பவள், தன் நாய் மேனேஜர் விஷயத்தில் மட்டும் ஒரே பேச்சு.

அந்த நாலு கோடிக்குத்தான் ஆபத்து வந்தது... ஃபோனில்!

ட்ரிங்... ட்ரிங்...

அப்போது அவள் போட்டி அரங்கத்தின் பின்னறையில் இருந்தாள். நாய்களுக்கான கீழ்ப்படிதல் போட்டியில் கடைசிப் பரீட்சை. வெளியே பன்னிரண்டு நாய்கள் வரிசையாகப் படுத்திருந்தன. அவற்றின் கண்ணில் படாமல் எஜமானர்கள் இந்த அறைக்குள். மணி அடிப்பதற்குள் நாய் எழுந்தால் மொத்த மார்க்கும் சைபர். எஜமானர் கதவைத் தாண்டினாலும் சைபர்!

தாக்குப்பிடித்தால் மேனேஜருக்கு சாம்பியன் பட்டம். மூன்று வருட உழைப்பு.

"ஹலோ?"

"உன் நாய் எங்கிட்ட இருக்கு." கர்ச்சீப் போர்த்திய குரல்!

"யாருடா நீ?"

"கார் நிறுத்துற இடத்துக்கு உடனே வா. வரலேன்னா... மேனேஜர் குளோஸ்!"

அவள் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போனது. பட்டமாவது, மண்ணாவது!

"என்னம்மா, முகம் வெளுத்துப் போச்சு?" எதிரே உட்கார்ந்திருந்த பல் டாக்டர் கேட்டார். வருஷா வருஷம் இரண்டாம் பரிசு வாங்குகிறவர். அவருடைய நாய் கடவாய், வெளியே மேனேஜருக்குப் பக்கத்தில்தான் படுத்திருந்தது. "அவசரம்னா போயிட்டு வாங்க. பட்டம் எங்க ஓடிடப் போகுது?"

ஆஹா... என்ன அக்கறை!

கதவுப் பிடியில் கை நின்றது. சரக்கைக் கண்ணால் பார்க்காமல் கல்லாவைத் திறந்து பழக்கமில்லை அவளுக்கு.

"தம்பி, நீ சொன்னா நம்பிடணுமா? ஃபோனை அது காதுல வை."

"வ... வச்சாச்சு."

"மேனேஜர்! குரல் குடு!"



மறுமுனையிலிருந்து... "லொள்!"

கண்ணாடிக் கடைக்காரி திரும்பி வந்து உட்கார்ந்தாள். கால்மேல் கால் போட்டாள்.

மேனேஜருக்கு வாய்க் கட்டளையே கிடையாது! உயர்நிலைப் போட்டிக்காக எல்லாமே கை ஜாடையில்தான் பழக்கியிருந்தாள். ஃபோனில் கத்தினால் அது தலையைச் சாய்த்துப் பார்க்கும், அவ்வளவுதான்.

அப்படியானால்... குரைத்தது யார்?

"தம்பி, இது ஜலதோஷம் பிடிச்ச பூனை மாதிரி இருக்கே?"

"நாய்தாங்க! சத்தியமா நாய்!"

"அப்போ இன்னும் கொஞ்சம் பலமா."

"லொள்! லொள்!"

"கட்டுப்படியாகாதுப்பா. அடிவயித்துலேர்ந்து வரணும். திருப்தியா இருந்தா இப்பவே கிளம்பி வரேன்."

"லொள்!! லொள்!! லொளொளொள்!!!"

இந்தத் தடவை சத்தம் ஃபோனில் மட்டும் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்தும் கேட்டது!

அந்தப் பக்கம்... ஆண்கள் கழிவறை!

டாக்டரின் முகம், நாற்காலியில் சாய்த்து வாயைத் திறக்கச் சொன்ன நோயாளியின் முகம் மாதிரி ஆனது. தன் ஃபோனை எடுத்து யாரையோ கூப்பிட்டார். லைன் பிஸி. மறுபடி கூப்பிட்டார். பிஸி!

பின்னே? அந்த லைனில் இவள் அல்லவா உட்கார்ந்திருக்கிறாள்!

"என்ன டாக்டர், வேர்த்துக் கொட்டுது? நேர்ல போய்ச் சொல்லிட்டு வாங்களேன்."

டாக்டர் எழுந்தார். கதவைப் பார்த்தார். போனால் சைபர்! உட்கார்ந்தார்.

"அம்மா... தயவுசெஞ்சு ஃபோனை வைங்க..."

"இருங்க டாக்டர், வியாபாரம் படியற நேரம். தம்பி! கடைசியா ஒண்ணே ஒண்ணு. ஊளையோட!"

"லொள்ள்ள்... ஊஊஊஊ!!!"

வெளியே கூட்டம் 'ஓ'வென்று அலறியது. அதன் பிறகே மணி அடித்தது.

கண்ணாடிக் கடைக்காரி பாய்ந்து வெளியே வந்தாள். மேனேஜர் படுத்த இடத்திலேயே படுத்திருந்தது!

அதற்குப் பக்கத்து இடம்... காலி!

கடவாய் கழிவறைக் கதவைப் பிறாண்டிக்கொண்டு, வால் கழன்றுவிடும்போல ஆட்டிக்கொண்டிருந்தது. தினமும் அதற்குச் சாப்பாடு வைக்கிறவரின் குரலாயிற்றே!

நடுவர் கதவைத் திறந்தார். உள்ளே, ஃபோனும் கையுமாக... டாக்டரின் மச்சினன்!

"யோவ்! மிரட்டிட்டு வைன்னுதானே சொன்னேன்? உன்னை யாருய்யா குரைக்கச் சொன்னது?" டாக்டர் கத்தினார்.

"அந்த அக்காதான் மாமா! குரைச்சா வரேன்னு சொன்னாங்க..."

"அங்கேயே உட்காருப்பா," என்றாள் கண்ணாடிக் கடைக்காரி. மச்சினன் மூடிய கம்மோடின் மேல் உட்கார்ந்தான்.

நடுவர் தொண்டையைச் செருமினார்.

"மேனேஜர், இருநூறுக்கு நூத்தித் தொண்ணூத்தெட்டு. கொட்டாவி விட்டதுக்கு ரெண்டு கழிச்சிருக்கேன். பட்டம் உங்களுக்குத்தாம்மா. கடவாய், சைபர்."

மச்சினனை ஏற இறங்கப் பார்த்தார்.

"சொன்ன உடனே குரைச்சாரு. சொன்ன இடத்துல உட்கார்ந்தாரு. இன்னும் அசையல... இவருக்கு இருநூறுக்கு இருநூறு!"