சுருங்கிப்போன அங்கி

காலையில் அங்கியை மாட்டிக்கொண்டபோது கார்னியேவின் மணிக்கட்டுகள் இரண்டும் நான்கு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நேற்றுவரை புறங்கையை மூடி விழுந்த கைப்பகுதி அது. அவன் குள்ளன், எந்த உடையும் அவனுக்குக் கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருக்கும், நாற்பத்தாறு வயதில் அதெல்லாம் பழகிவிட்டது. இழுத்துவிட்டுப் பார்த்தான். மறுபடியும் ஏறிக்கொண்டது. கம்பளித் துணியை வெந்நீரில் போடாதே என்று துணி வெளுக்கும் மஹோவிடம் தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தான். அவள் யார் சொல்லி எதைக் கேட்டிருக்கிறாள்?

அதுவும் இன்றைக்குப் பார்த்து. பிற்பகலில் கிளம்பும் ஜெனோவாக் கப்பலை விட்டால் குளிர்காலத்துக்குக் கடல் மூடிவிடும். அப்புறம் ஈஸ்டர் கழிந்துதான் அடுத்த கப்பல். இதுவரை இரண்டு கப்பல்கள் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டன. ஒன்றின் மாலுமிகள் அவன் கொண்டுபோகும் பிணப்பெட்டி ஏறினால் தாங்கள் இறங்குவோம் என்றார்கள். இன்னொன்று காற்று நன்றாக இருக்கிறதென்று சொன்ன நாளுக்கு முந்தின நாளே போய்விட்டது. புனித பூமியின் கரையில் அக்கா என்ற துறைமுக ஊரில், சோப்புக் காய்ச்சுகிறவனின் கடைக்கு மேலே இந்த அறையில், எண்ணெய்ப் புகையில் இருமிக்கொண்டு ஏழு வாரம். ஊரில் மகள் அலிஸுக்கு ஒன்பது வயது ஆகியிருக்கும். அவன் கிளம்பியபோது நான்கு.

அலிஸ் அவனை முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பிள்ளை இல்லை. சின்ன வயதில் குதிரையிலிருந்து விழுந்து அவனுடைய இடது தொடையெலும்பு கோணலாகக் கூடியிருந்தது. படியேறினால் ஒரு கால் கனமாகவும் ஒரு கால் லேசாகவும் விழும். 'டொக்கு-டிக்கு வருது' என்று உள்ளேயிருந்து கத்திக்கொண்டு ஓடிவருவாள். ஐந்து வருஷத்தில் அவனுடைய முகத்தை மறந்திருந்தாலும் அந்தச் சத்தத்தை மறந்திருக்கமாட்டாள் என்று அவன் நம்பியிருந்தான்.

மேல்போர்வையை உதறித் தோளில் போட்டபோது இன்னொன்று கண்ணில் பட்டது. சிவப்புச் சிலுவைத் துணி முன்பக்கம், வலது தோளில் இருந்தது.

புனிதப் போருக்குக் கிளம்புகிறவன் சிலுவையை முன்தோளில் தைத்துக்கொள்வான். ஊருக்குத் திரும்புகிறவனுக்கு அது முதுகுக்குப் போய்விடும். அவன் ஊரான மோர்வாலில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். நேற்று சாயங்காலம் அவன் கண்ணெதிரேதான் மஹோ அதைப் பிரித்து முதுகில் வைத்துத் தைத்தாள். இப்போது முன்னால் இருக்கிறது. தையல் கோணல்மாணலாக, கைப்பழக்கம் இல்லாதவன் இருட்டில் தைத்தது போலக் கிடந்தது. படுக்கையில் ஊசி ஒன்று குத்தி நின்றது. அவனுடைய இடது கட்டைவிரலில் நாலைந்து சிவப்புப் புள்ளிகள்.

எரிச்சலோடு கதவைத் தாண்டினான். நிலைப்படியின் மேல்கட்டை நெற்றியில் மடாரென்று இடித்தது. ஏழு வாரமாகத் தினமும் பத்துத் தடவை நுழைந்து வெளியே போன கதவு, ஒருநாளும் இடித்ததில்லை.

படியில் யாரோ இறங்கும் சத்தம் கேட்டது. நீளமான, சீரான காலடிகள். அவசரமே இல்லாதவை. வழிவிடுவதற்காகச் சுவரோரம் ஒதுங்கி நின்றான். சத்தமும் நின்றது.

கீழே முற்றத்தில் மஹோ துணிமூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். எரார் பிரபுவின் படையோடு மோர்வாலிலிருந்து வந்தவர்களில் மிஞ்சியவர்கள் அவருடைய மணியக்காரனான இவனும் அவளும்தான். அவளுக்கு ஊர் திரும்பும் ஆசை போய்விட்டது. ஊரே வந்து வெளுக்கச் சொன்னாலும் மாட்டேன் என்பாள்.

"அங்கிய என்னடி செஞ்சு வச்சிருக்க? பொம்மைக்குப் போடறதா இது?"

"நான் என்ன செஞ்சேன்? இந்த ஊர்ல வெந்நீர் வைக்க விறகு எங்க கெடக்கு, பச்சத் தண்ணிலதான் அலசினேன்." அவள் நிமிர்ந்து அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க வளந்துட்டீங்க போலிருக்கு, மணியக்காரரே."

"கிண்டலா? சிலுவைய முதுகுலதான வைக்கச் சொன்னேன்?"

"முதுகுலதான் வச்சேன். கிட்ட காட்டுங்க. ஐயே, இது என் தையலா? பார்வை போன கெழவி கூட இதவிட நல்லா தைப்பா." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கால் சரியாயிருச்சா? நொண்டாம எறங்கி வர்றீங்க."

கோபத்தில் இருப்பவனுக்குப் பயம் சட்டென்று ஏறாது. சுமைக்காரன் பூத்ரோஸை வேறு காணவில்லை. அந்த எரிச்சல் போதுமாயிருந்தது. மஹோ மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கிழக்கு வாசலுக்கு வெளியே இருக்கும் வாய்க்காலுக்குப் போய்விட்டாள். அவன் மறுபடி மேலே ஏறி, குனிந்து கதவைக் கடந்து, பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

தேவதாரு மரப்பெட்டி. மூன்று முழ நீளம். உள்ளே எரார் பிரபு இருந்தார், அதாவது அவருடைய எலும்புகள்.

அவரைப் போல ஒரு மனுஷனைக் கடவுள் இப்படி அலைக்கழித்திருக்க வேண்டாம். மூன்று முறை சிலுவை எடுத்தார். முதல் முறை இரண்டாயிரம் பேரோடு கிளம்பி, இரண்டு அரசர்கள் கடற்கரையில் போட்ட சண்டைக்கு நடுவில் ஒன்றரை வருஷம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார். இரண்டாம் முறை கப்பல்காரர்கள் அவரை வேறு எங்கோ கொண்டுபோய் இறக்கினார்கள். மூன்றாம் முறை, தாடி நரைத்த பிறகு, எருசலேமுக்கு ஒரு நாள் நடைத் தூரம் வரை வந்துவிட்டார். ஒரே நாள். அங்கே கிணறுகளில் மண்ணைத் தள்ளியிருந்தார்கள். தலைவர்கள் கூடிப் பேசித் திரும்புவதென்று முடிவு செய்தார்கள். பாதிரியார் வந்து எல்லாரையும் எருசலேமைப் போய்ச் சேருவதாக எடுத்த சபதத்திலிருந்து விடுவித்தார். எரார் பிரபுவை மட்டும் விடுவிக்க முடியவில்லை, அவர் கேட்டால்தானே. காத்திருக்கும்போதெல்லாம் இரண்டு விரலால் மேசையைத் தட்டுவார். டக் டக். நிறுத்தி, டக் டக். அந்தக் கடைசி வாரம் முழுக்கக் கூடாரத்தில் அந்தச் சத்தம்தான்.

வயிற்றுப்போக்கில் விழுந்து ஆறாம் நாள் அவர் கார்னியேவைக் கூப்பிட்டார்.

"டேய் குள்ளா, என்னைக் கொண்டு போய்ச் சேப்பியா?"

வெளியே கூடாரங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கார்னியேவின் மனசெல்லாம் ஊரில் இருந்தது. "சேக்கிறேன் பிரபு."

"கையக் குடு. சொல்லு."

அவருடைய இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் தன் கைகளை வைத்து, பதினெட்டு வயதில் ஊழியத்துக்குச் சேர்ந்தபோது சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னான். நான் உங்கள் ஆள். என் உயிரும் உடம்பும் உங்களுடையது. எங்கே கொண்டு போய்ச் சேர்ப்பது என்று அவன் கேட்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது கிழக்கே, எருசலேம் பக்கம் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

தூரதேசத்தில் சாகும் பெரிய மனிதர்களுக்குச் செய்வதைத்தான் அவருக்கும் செய்தார்கள். பெரிய அண்டாவில் தண்ணீரும் திராட்சை மதுவும் ஊற்றி, சதை கழன்று வரும் வரை வேகவைத்து, எலும்பை எடுத்துக் கழுவி ஊருக்குக் கொண்டுபோவது. சமையல்காரன் முடியாதென்று ஓடிப்போனான். கார்னியேதான் துடுப்பால் கிளறினான். ஆவி முகத்தில் படிந்து, உதட்டில் உப்பாக இறங்கி, வாய்க்குள் போய்க்கொண்டே இருந்தது. நீளமான, நேரான எலும்புகள். ஒவ்வொன்றையும் தன் கையாலேயே துடைத்து அடுக்கினான்.

டக் டக்.

சில நாட்களாகவே கேட்கிறது. கீழே சோப்புக்காரன் கட்டியை வெட்டுகிறான் என்று நினைத்திருந்தான். டக் டக். குனிந்து பெட்டியைப் பார்த்தான். மூடியின் மேல் ஒரு கை கிடந்தது, இரண்டு விரல் அசைந்துகொண்டிருந்தன. அவனுடைய கைதான்.

அதை மற்றக் கையால் பிடித்து நிறுத்தினான்.

பூத்ரோஸ் நடுப்பகலுக்கு வந்தான். பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தான். வெயில் கல்தரையில் பட்டுத் தெறித்தது. வறுத்த கடலை வாசனையும் மீன் வாடையும் கோவேறு கழுதைச் சாணமும் சேர்ந்த, ஏழு வாரமாகச் சபித்துச் சபித்துப் பழகிய தெரு. கடைசிக் கோயிலைத் தாண்டி இடதுபக்கம் திரும்பினால் கடல். கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்விடுவான்.

"ஐயா, அந்தப் பக்கம் எங்க போறீங்க?"

வலதுபக்கம் திரும்பியிருந்தான். திரும்பி வந்தான். அடுத்த முக்கில் பெட்டியின் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு நடந்தான். கடல் காற்று குறைந்தது. தூசி வாசனை வந்தது. நிமிர்ந்தால் எதிரே கிழக்கு வாசல், அதற்கு அப்பால் வெள்ளையாக மேடேறிப் போகும் பாதை.

அழுகை வரும்போல ஆத்திரமாக இருந்தது. ஒரு ஊரில், பட்டப்பகலில், ஐந்நூறு அடி தூரத்தில் இருக்கும் கடலுக்குப் போக முடியாத மனுஷன் உண்டா? மூன்றாம் முறை பூத்ரோஸ் அவனுடைய இடுப்புவாரைப் பிடித்துக்கொண்டான்.

"கண்ண மூடிக்கிட்டு என்கூட வாங்க. காலையிலேயே ஊத்திட்டீங்களா?"

"ஒரு சொட்டு குடிக்கல."

"அப்ப ஏன் இப்படி இழுக்கிறீங்க? மாட்ட இழுக்கிற மாதிரி இருக்கு."

அவன் இழுக்கவில்லை. கால்கள் இழுத்தன. பெட்டியைச் சுமந்த பூத்ரோஸ் கடலைப் பார்த்து லேசாக நடந்தான். கார்னியேதான் ஒவ்வொரு அடியும் எதிர்க்காற்றில் போவது போலப் போனான். மார்பில், முதுகில், முட்டிகளில் ஏதோ இறுகியது. அங்கியைத் தளர்த்தினான். இறுக்கம் போகவில்லை.

துறைமுகத்தில் கப்பல் இன்னும் நின்றது. அதைப் பார்த்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. கப்பல் தலைவன் ஒபெர்தோ ஏற்றுப்பலகைக்குப் பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்றான்.

"தொறந்து காட்டுங்க மணியக்காரரே. காஞ்ச எலும்புன்னாதான் ஏத்துவேன். ஈரம் இருந்துச்சுன்னா என் ஆளுங்க என்னையே கடல்ல போட்டுருவானுங்க."

மூடியை ஒபெர்தோவே நெம்பினான். கிராம்பு வாசனை எழுந்தது. துணியை விலக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"ஆறடி ஆளுன்னு சொன்னாங்க உங்க பிரபுவ. இதென்ன, சின்னஞ்சிறுசா இருக்கு?"

கார்னியே எட்டிப் பார்த்தான்.

மேலாக ஒரு தொடையெலும்பு கிடந்தது. குட்டையானது. நடுவில் முடிச்சுப் போட்டது போலப் புடைத்து, அங்கிருந்து கோணலாக வளைந்திருந்தது. ஒடிந்து கூடிய எலும்பு. இடது கால்.

அதன் பக்கத்தில் மண்டையோடு. கீழ்வரிசையில் வலதுபக்கம் ஒரு கடைவாய்ப்பல் இல்லை. சைப்ரஸில் நாவிதன் பிடுங்கியது. இரண்டு வருஷமாக, கவலை வரும்போதெல்லாம் அந்தக் குழியை நாக்கால் துழாவுவது அவனுக்குப் பழக்கம்.

நாக்கைக் கொண்டுபோனான்.

பல் இருந்தது.

பெரிய பல். அவனுடையது இல்லை.

அது நான், என்று கத்த வாயைத் திறந்தான். தொண்டையில் குரல் வந்தது. தாடை அதை வேறு மாதிரி மென்று துப்பியது.

"ஏத்து. ஊருக்குப் போகட்டும்."

"நீங்க வரலியா?"

டக் டக். மூடியின் மேல் இரண்டு விரல்.

"எனக்கு வேற வேலை இருக்கு."

பெட்டி பலகையில் ஏறியது. அதன் பின்னால் ஓடத்தான் அவன் நினைத்தான். அலிஸ் என்று நினைத்தான். வசந்தத்தில் மோர்வாலில் யாரோ நாலு பேர் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறுவார்கள், அவர்களின் காலடி சீராக விழும், உள்ளேயிருந்து ஒருவரும் ஓடிவரமாட்டார்கள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே கால்கள் திரும்பின. நீளமான அடிகள். நேரான அடிகள். கடல் முதுகுக்குப் போனது. கழுத்தைத் திருப்பப் பார்த்தான். திரும்பவில்லை. கண்ணை மட்டும் ஓரத்துக்குத் தள்ளினான். பாய்மரத்தின் நுனி தெரிந்தது. பிறகு சுவர்.

கோயில். கடலை வறுக்கிறவன். வலதுபக்கம்.

ஒவ்வொரு அடிக்கும் உள்ளே ஏதோ நீண்டது. அங்கியின் தோள் பிரிந்தது. பரவாயில்லை, அது துணி. அப்புறம் முட்டியில் தோல் பிரிந்தது. விரல் கணுக்களில். முழங்கையில். வலித்தது. வாய் அழவில்லை. இமைகளை மூடப் பார்த்தான். எட்டவில்லை.

கிழக்கு வாசல். வெள்ளைப் பாதை. சாயங்கால வெயில் பின்னாலிருந்து விழுந்து, நெடிய நிழல் ஒன்று அவனுக்கு முன்னால் நடந்தது.

வாய்க்கால் கரையில் துணி பிழிந்துகொண்டிருந்த மஹோ தலையைத் தூக்கினாள்.

"மணியக்காரரே, கப்பல் அந்தப் பக்கமில்ல நிக்குது?"

காப்பாற்று என்று அவளைப் பார்த்தான். அவனுடையதென்று மிஞ்சியது அந்தப் பார்வை ஒன்றுதான். உதடுகளைச் சேர்த்தால் ஒரு வார்த்தையாவது வரும். சேர்க்கப் பார்த்தான். அவ்வளவு பெரிய தாடைக்கு அவனுடைய தோல் போதவில்லை. உதடு இரண்டும் மேலும் கீழும் இழுபட்டு, பல் வரிசை முழுவதும் வெயிலில் தெரிந்தது.

மஹோவும் சிரித்துக் கையை ஆட்டினாள். "எங்க போறாரோ, இவ்வளவு சந்தோஷமா," என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிவிட்டு, அடுத்த துணியை எடுத்துத் தண்ணீரில் முக்கினாள்.