ஆறு மணி நேரம் முன்பே

ஓடைத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

வெப்பமானியை உதறி, துணியில் துடைத்து, மறுபடியும் விட்டுப் பார்த்தாள். முப்பத்தெட்டரை. காலையிலிருந்து வெயில் தலைகாட்டவில்லை. காற்றில் விரல்கள் விறைத்துக் கிடந்தன. நேற்று இதே இடத்தில் பதினெட்டு காட்டிய தண்ணீர். ஓடைக்கரை வீடுகளில் அவளுக்குத் ‘தண்ணி மேடம்’ என்று பெயர். அவள் அப்பா மாட்டு வைத்தியர். முப்பத்தெட்டரை என்ற எண் சின்ன வயதிலிருந்தே தெரியும். நோயில்லாத மாட்டின் உடம்புச் சூடு அது.

மூன்று வாரத்துக்கு முன்பு பெய்த மழையில், மேலே இருக்கும் மாட்டுப் பண்ணையின் சாணக் குட்டை உடைந்து, கழிவு முழுக்க ஓடையில் இறங்கியது. கூடவே நாற்பது மாடுகள். செத்தவற்றைப் புதைத்தார்கள், பண்ணையைப் பூட்டினார்கள். தண்ணீர் தேறிவிட்டதா என்று பார்த்துச் சொல்வது இவள் வேலை. பாட்டிலில் பிடித்து, மருந்துப் பொடி கலந்து, சூட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும். கிருமி இருந்தால் மஞ்சளாகும். முழுசாக இருபத்துநாலு மணி நேரம் ஆகும் வரை வாய் திறக்கக் கூடாது.

அவள் திறந்துவிட்டாள்.

நேற்று மதியம், ஓடையோரக் கடைசி வீட்டுக்காரி, இரண்டு மைல் நடந்து இடுப்பில் சுமந்து வந்த குடத்திலிருந்து, கேட்காமலே ஒரு டம்ளர் மொண்டு கொடுத்தாள். பிள்ளைகள் மூன்றும் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றன. அந்தப் பார்வை இரவெல்லாம் தூங்கவிடவில்லை. காலையில், பெட்டியில் வைத்துப் பதினெட்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது, பாட்டில்கள் தெளிவாக இருப்பதைக் கண்டதும் போனை எடுத்தாள்.

“அக்கா, இனிமே ஓடைத் தண்ணியே குடிக்கலாம்.”

“நெசமாவா மேடம்? அப்ப இன்னைலேர்ந்து என் இடுப்புக்கு லீவு!” பின்னால் பிள்ளைகளின் கூச்சல். “நல்லா இருப்பீங்க, தாயி.”

இரக்கப்படுவது தப்பில்லை. கடவுள் மனுஷனுக்குக் கொடுத்ததிலேயே நல்லது அதுதான். ஆனால் பொறுத்திருப்பதும் இரக்கம்தான் என்பது அன்று காலை அவளுக்குத் தோன்றவில்லை.

இப்போது மணி இரண்டு. கரைச் சேற்றில் பச்சைச் சாண வாடை எழுந்தது, மூன்று வாரத்துப் பழசாக அல்ல, இந்த நிமிஷம் போட்டது போல, சூடாக, ஆவியோடு. தண்ணீரின் மேல்தோல் மெல்ல ஏறி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. ஏறியது. நின்றது. இறங்கியது. காற்று அப்படி அடிக்காது. தூங்கும் பெரிய பிராணி ஒன்றின் விலாதான் அப்படி அசையும்.

போன் அதிர்ந்தது. ஆய்வகத்தில் உதவிக்கு இருக்கும் பெண்.

“அக்கா, பாட்டிலெல்லாம் மாறிடுச்சு.”

“மஞ்சளாவா?”

“இல்லக்கா. பால் மாதிரி வெள்ளை.” “சூட்டுப் பெட்டிய அணைச்சிட்டேன். ஆனா சூடு போகல. மூடிய லேசா திருகினேன்கா… உள்ளேர்ந்து மூச்சு விடுது. சிரிக்காதீங்க. மூச்சுதான்.”

அவள் சிரிக்கவில்லை.

கடைசி வீட்டு எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. எடுத்தார்கள்.

“அக்கா! தண்ணிய யாரும் குடிக்க வேண்டாம். கொட்டிடுங்க. நான்தான் அவசரப்பட்டுட்டேன். கேக்குதா?”

மறுமுனையில் ஈரமான, நீளமான உறிஞ்சல். நிதானமாக. இடைவிடாமல். அதன் பின்னால் இன்னொன்று. இன்னொன்று.

பையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

கரையோரப் பாதை வழுக்கியது. செடிகள் முகத்தில் அடித்தன. கடவுளே, நான் தூக்கிக் கொடுத்த அந்த ஆறு மணி நேரத்தை மட்டும் திருப்பிக் கொடு. என்னை என்ன வேண்டுமானாலும் செய். பிள்ளைகளை விட்டுவிடு. பக்கத்தில் ஓடை அவளோடு சேர்ந்தே வந்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது. அதற்கும் வாங்கியது.

வீடு.

கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் பாத்திரம் இல்லை. கூடத்தில் பாய், அதன் மேல் ஒரு பள்ளிக்கூடப் பை. ஆள் இல்லை.

“அக்கா?”

பின்கட்டு வாசல். துவைக்கிற கல். அதற்கப்பால் ஓடை.

அவர்கள் அங்கே இருந்தார்கள்.

வரிசையாக. நாலு காலில். தகப்பன், தாய், பிள்ளைகள் மூன்று. கைகள் முழங்கை வரை சேற்றில். முகங்கள் தண்ணீருக்குள். முதுகுகள் ஒன்றாக ஏறின. ஒன்றாக இறங்கின.

அவள் காலடியில் சரளை நெரிந்தது.

ஐந்து தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. தாடைகளிலிருந்து நீர் நூலாகத் தொங்கியது. வாய்கள் பக்கவாட்டில் அசைந்தன. மென்றன. எதையோ மென்றுகொண்டே இருந்தன. பெரிய, ஈரமான, இமைக்காத கண்கள்.

சின்னவள் காதை ஆட்டினாள்.

தாய் மட்டும் அவளை அடையாளம் கண்டுகொண்டாள். நேற்று டம்ளரை நீட்டும்போது இருந்த அதே கனிவு அந்த முகத்தில் வந்தது. சேற்றில் ஒரு கையை எடுத்து வைத்தாள். பிறகு மறு கையை. மெதுவாக ஒதுங்கினாள்.

ஒரு ஆள் மண்டியிட்டுக் குடிக்கும் அளவுக்கு, தன் பக்கத்தில் இடம் விட்டாள்.