பிளேன் ரயர் போட்ட ஜீப்

போன் அலறியது.

பேசாலையில் கராஜ் வைத்திருக்கும் எமில், ஒரு கையில் தேநீரோடு மறு கையால் எடுத்தான்.

"எமில், எஸ்.ஐ. றினாஸ் பேசுறன். நீ பிளேன் ரயர் மாட்டின பழைய ஜீப் எங்க?"

"முத்தத்தில நிக்குது சேர்."

எட்டிப் பார்த்தான்.

முற்றம் காலி.

"சேர்... காணேல்ல."

"எனக்குத் தெரியும். தலைமன்னார்க் கடற்கரையில நிக்குது. அதுக்கு முன்னால எட்வேட் சம்மாட்டி கிடக்கிறார். செத்துப்போய்."

தேநீர் எமிலின் சட்டையில் கொட்டியது.

அவன் போய்ச் சேர்ந்தபோது மணல் கொதித்தது. நடுவில் அந்த ஜீப். எமிலை விட வயது கூடியது. நான்கு பக்கமும் விமானத்தில் தேய்ந்து கழிக்கப்பட்ட, வரியே இல்லாத வழுவழு ரயர்கள். சில்லின் இரும்பு வளையத்தை வெட்டி ஒட்டி, மணலில் ஓடவென்று அவன்தான் மாட்டியிருந்தான்.

ஜீப்பின் சொந்தக்காரன் அகிலன், உயிலங்குளத்துக் கமக்காரன், ஏற்கனவே பொலிஸ் ஸ்ரேசன் கூட்டுக்குள். அந்த ஜீப்பில் கடற்கரை மீன்வாடிகளுக்கு ஐஸ் ஏற்றத் திட்டம் போட்டவன். படகும் வலையும் வைத்துத் தொழில் நடத்திய எட்வேட் சம்மாட்டி சந்தையில் அவன் சட்டையைப் பிடித்து, "வயல்காரனுக்குக் கடற்கரையில என்னடா வேலை?" என்று கேட்டார். "ஜீப்பை உன்ர நெஞ்சில ஏத்திக்கொண்டு போவன்" என்று அகிலன் எல்லாருக்கும் கேட்கக் கத்தினான்.

அது போதாதா பொலிசுக்கு?

அகிலனின் மனைவி தக்சிகா எஸ்.ஐ.க்கு முன்னால் எரிந்துகொண்டு நின்றாள்.

"நித்திரையில கிடந்த மனுசனைக் கட்டின சாரத்தோட இழுத்துக்கொண்டு போயிட்டியள். அவர் மணல்ல ஒருக்காலும் வண்டி ஓடினதில்லை சேர்."

"ஓடத் தெரியாதவன் ஏன் இந்த ரயர் போட்டவன்?"

"பழகத்தான். நீங்கள் என்ன, நீச்சல் தெரிஞ்சே தண்ணிக்குள்ள இறங்கினனீங்கள்?"

ஒரு கான்ஸ்டபிள் சிரித்து, இருமலாக்கினான்.

அவள் எமில் பக்கம் திரும்பினாள்.

"உங்களைச் சொல்லவேணும் அண்ணை. வண்டித் திறப்பைச் சீற்றுக்குக் கீழ வச்சிட்டு நித்திரை கொள்ளுறதோ?"

"பேசாலையில எல்லாக் கராஜிலயும் அப்பிடித்தான் தங்கச்சி."

எமில் குந்தி ரயரை அமுக்கினான். முகம் மாறியது.

"சேர், நாலும் பாதிக் காத்து. றோட்டில ஓட எண்டு நான் இறுக்கி அடிச்சு விட்டனான். மணலுக்குள்ள இறங்க முதல் ஆரோ காத்தைத் திறந்து விட்டிருக்கினம். அப்பதான் ரயர் அகண்டு புதையாமல் போகும். கடற்கரை ஆக்களின்ர வேலை இது."

"நீ அகிலனுக்குச் சொல்லிக் குடுத்திருப்பாய்."

"அவர் வண்டி எடுக்க இன்னும் வரவே இல்லை சேர்."

"வியாபாரம் குடுத்தவனை நீ விட்டுக் குடுப்பியோ?"

போர்த்திய உடலுக்குப் பக்கத்தில், கைப்பையை மடியில் வைத்துக் குந்தியிருந்த எட்வேட்டின் மனைவி எடித் நிமிர்ந்தாள்.

"என்ர மனுசனை அரைச்சுப் போட்டாங்கள். நீங்கள் இருந்து காத்துக் கதை கதைக்கிறியள். அவனைத் தூக்கில போடுங்கோ."

"அக்கா," என்றாள் தக்சிகா. "உங்கட துக்கம் பெரிசுதான். அதுக்காக என்ர மனுசன்ர கழுத்தை அளக்காதேங்கோ."

"போதும்," என்றார் றினாஸ். "கைரேகை பாத்தாச்சு. எல்லாம் துடைச்சுக் கிடக்கு. எமில், ஜீப்பை ஸ்ரேசனுக்கு எடு. அக்கா, நீங்களும் ஏறுங்கோ, வாக்குமூலம் எடுக்கவேணும்."

எடித் முன்சீற்றில். பின்னால் றினாஸ். கூப்பிடாமலே தக்சிகாவும் ஏறினாள்.

மணல் முடிந்து தார் றோட்டு தொடங்கும் இடத்தில் எமில் நிறுத்தினான். இனிக் காற்று அடிக்காமல் ஓட முடியாது. கொண்டுவந்த காற்றுப் பம்மைக் கொழுவினான். ஒவ்வொரு ரயராக இறுகியது. வேர்வை கண்ணுக்குள் வழிந்தது. பார்க்காமலே, முன்சீற்று யன்னலுக்குள் கையை நீட்டினான்.

"மூடியைத் தாங்கோ அக்கா."

எட்வேட்டின் சொந்த ஜீப்புக்கு வருடக்கணக்காக அப்படித்தான். இருவருக்கும் ஓட்டத் தெரிந்தாலும் அவர்தான் ஓட்டுவார். எடித் இறங்கிக் காற்றைத் திறந்துவிட்டு, வால்வு மூடிகள் மணலில் தொலையாமல் கைப்பைக்குள் போடுவாள். திரும்பி வந்ததும் எமில் காற்றடித்துக் கையை நீட்டுவான்.

எடித்தின் விரல்கள் தாமாகவே கைப்பையைத் திறந்தன.

நான்கு சிவப்பு மூடிகள் எமிலின் உள்ளங்கையில் விழுந்தன.

ஒன்றைப் பூட்டினான். இரண்டாவதைப் பூட்டினான். மூன்றாவதில் கை நின்றது.

"அக்கா... இது எட்வேட் அண்ணையின்ர ஜீப் இல்லையே. இந்த மூடிக்கு நேற்றுத்தான் நான் சிவப்புப் பெயின்ற் அடிச்சனான்."

ஸ்ரேறிங்கைத் துடைத்தவள்... கதவைத் துடைத்தவள்... கைப்பையை மறந்துபோனாள்.

எடித்தின் அழுகை, குழாயைப் பூட்டியது போல நின்றது.

"ஓம். நான்தான்."

"ஏனக்கா?" றினாஸின் குரல் இறங்கியது.

"என்ர சீதனக் காணி. என்ர அப்பர் எனக்கெண்டு தந்த கரை. என்ர கையெழுத்தைத் தானே போட்டு, மண் அள்ளுறவங்களுக்கு எழுதிக் குடுத்திட்டு வந்து, மீன் பொரிச்சனியோ எண்டு கேக்கிறான்."

"அதுக்கு என்ர மனுசனே கிடைச்சவர்?" தக்சிகா சீறினாள்.

"ஏத்திக்கொண்டு போவன் எண்டு சந்தையில கத்தினவன் அவன்தானே. நான் தேடிப் போகேல்லை."

தக்சிகாவின் கை ஓங்கியது. றினாஸ் பிடித்தார்.

"என்னைப் பிடிக்காதேங்கோ. அங்க சாரத்தோட நிக்கிற மனுசனை விடுங்கோ. போனை எடுங்கோ சேர். நான் கேக்கக் கதையுங்கோ."

றினாஸ் எடுத்தார். அவள் கேட்கப் பேசினார்.

எடித்தை ஏற்ற, புத்தம் புதுப் பொலிஸ் ஜீப் வந்தது. கான்ஸ்டபிள் வண்டியைத் திருப்பப் பின்னால் எடுத்தான். பின்சில்லு தாரை விட்டு மணலுக்குள் இறங்கியது. எஞ்சினை உறுமவிட்டான். இன்னும் புதைந்தது. மேலும் உறுமவிட்டான். அச்சு வரை போய்விட்டது.

விலங்கு மாட்டிய கையால் யன்னலைத் தட்டினாள் எடித்.

"மிதியாதே தம்பி. காத்தை இறக்கு. மூடியை மட்டும் நீயே வச்சிரு."