அவள் சொன்ன இடத்தில் பறவை இல்லை

"கொஞ்சம் நில்லுங்க... இந்தப் பக்கத்துல பறவைங்க கூட்டமா வந்து இறங்குற இடம் எங்க இருக்கு?"

புத்தளம் பஸ் நிறுத்தத்தில், ஐப்பசி மழையில், குடைக்கம்பி ஒடிந்த எரிச்சலில் இருக்கும்போது கேட்கிற கேள்வியா இது? அழகியநாயகி நிமிர்ந்து பார்த்தாள். நனைந்த கிராப்பு... நெற்றியில் வழியும் நீர்... அதற்குள்ளே பெரிய பெரிய கண்கள். ஒரு நொடி நெஞ்சு தடுமாறியது. மறுநொடி அவன் தோளில் தொங்கிய நீளமான தோல் உறையைப் பார்த்தாள். நெஞ்சு கல்லாயிற்று.

அந்த உறையை அவளுக்குத் தெரியும். மழைக்காலம் வந்தால் திருவனந்தபுரத்திலிருந்து காரில் வருகிறவர்கள் தோளில் அதுதான் தொங்கும். உள்ளே துப்பாக்கி. அப்படி வந்தவர்களுக்கு வழிகாட்டப் படகில் போன அப்பா ஆறுமுகப்பெருமாள், ரவை தெறித்து இரண்டு கண்ணையும் பறிகொடுத்துவிட்டு வந்தார். இப்போது விடிந்ததும் வீட்டுக்குப் பின்னால், தாழம்புதருக்கு அந்தப்புறம், காயலோரம் போய் உட்காருவார். சிறகடிப்பும் கூவலும் கேட்பார். அவருக்கு மிச்சமிருக்கும் உலகம் அவ்வளவுதான். அதையும் சுட்டுத் தின்ன ஒருத்தன் வந்துவிட்டான்!

"இங்க ஒண்ணும் கெடையாது. அஞ்சுகிராமத்துக்குக் கிழக்க ஒரு பொட்டல் உண்டு. மேகம் மாதிரி எறங்கும்... அங்க போங்க" என்றாள் கூசாமல்.

"ரொம்ப உபகாரம். நான் வள்ளிநாயகம். திருநெல்வேலியில டிராயிங் மாஸ்டர். லீவுல வந்து சுசீந்திரம் சத்திரத்துல தங்கியிருக்கேன்."

"நான் பேரைக் கேக்கல்லியே!"

நாகர்கோவில் பஸ் வந்தது. பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சரான அவள் ஏறிப் போய்விட்டாள்.

மறுநாளும் அதே இடத்தில் நின்றான்.

"ஒரேயொரு காக்கா இருந்துச்சு... அதுவும் என்னையப் பாத்துப் பறந்துட்டு."

சிரிப்பை உதட்டுக்குள் கடித்துக்கொண்டாள். "நீங்க போன நேரம் சரியில்ல. பேச்சிப்பாறை அணைக்குப் போங்க."

போனான். அட்டை கடித்த காலோடு திரும்பினான். "மூடுபனிதான் தெரிஞ்சுது... ஆனா நல்ல பனி!" பூதப்பாண்டிக்கு அனுப்பினாள். அங்கேயும் போனான். ஒரு தடவைகூடக் கோபப்படவில்லை. அதுதான் அவளை வதைத்தது. சுடுகிறவனுக்கு இப்படியொரு கண் இருக்குமா...? பள்ளிக்கூடத்தில் ஊசி விரலில் ஏறியது.

பிறகு அவனைக் காணவில்லை. கண்டக்டர் ரசலையன்தான் சொன்னார். "யாரைத் தேடுதிய டீச்சர்? அந்தத் திருநெல்வேலிப் பாண்டிக்காரரையா? சத்திரத்துல காய்ச்சலாக் கெடக்காரு. பாவம், மழையில யாரோ நல்லா அலைய விட்டுருக்காவ."

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

முகம் வெளுத்துப்போய் அவன் மறுபடி வந்தபோது மழை சற்று விட்டிருந்தது. "இன்னைக்கு ஊருக்குப் போறேன்... சொல்லிட்டுப் போகலாம்னு." ஊறிப்போன உறையைத் திறந்து துடைத்தான். உள்ளே பித்தளைக் குழல். இரண்டு முனையிலும் கண்ணாடி.

"இது... தோக்கு இல்லியா?"

"துப்பாக்கியா? தூரத்துல இருக்குற பறவையைப் பாத்து வரையுற குழாய்ங்க இது. மழையில வெளிய எடுக்க முடியல." சொல்லும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. முகம் கறுத்தது. "சுட வந்தவன்னா நெனச்சீங்க என்னை?"

உறையை மூடித் திரும்பி நடந்தான். மன்னிப்புக் கேட்டுப் பழகாதவள் அவள்.

"நில்லுங்க... என்கூட வாங்க."

வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய்த் தாழையை விலக்கினாள். சாம்பல் நிறக் காயல் முழுக்கப் பறவைகள். கூழைக்கடாக்கள், உள்ளான்கள், கரையெல்லாம் கொக்குகள்... அவன் கை தானாகக் குழலை இழுத்து நீட்டியது. 'க்ளிக்' என்று ஒரு சத்தம்.

கரையில் உட்கார்ந்திருந்த அப்பா பதறி எழுந்தார். "ஏட்டி... தோக்கையா கூட்டிட்டு வந்தே?"

வள்ளிநாயகம் குழலை அவர் கையில் வைத்தான். விரல்கள் நுனிவரை போய், கண்ணாடியைத் தொட்டு நின்றன. குழலைத் திருப்பிக் கொடுத்தார்.

"என்ன தெரியுதுன்னு சொல்லும் தம்பி."

அவன் சொன்னான். அலகின் நிறம், கழுத்தின் வளைவு, குஞ்சுக்கு மீன் ஊட்டும் தாய்... குரல் உடையும்வரை சொன்னான். பார்வையில்லாத அந்தக் கண்கள் வழிந்துகொண்டே இருந்தன.

பஸ் நிறுத்தத்தில் மறுபடி மழை.

"நான் சொன்ன எடம் எல்லாம் பொய்..."

"தெரியும். மொத நாளே அஞ்சுகிராமத்துல சிரிச்சாங்க, யாருய்யா இங்க அனுப்புனதுன்னு. ஏதோ விளையாட்டுன்னு நெனச்சேன்."

"தெரிஞ்சுமா போனிய... காய்ச்சல் வர?"

"போனாத்தானே, அங்க ஒண்ணும் இல்லன்னு சொல்ல உங்ககிட்ட வர முடியும்..."

அவள் தலை குனிந்தது. வந்த வரன்களையெல்லாம் அப்பாவுக்காக வேண்டாமென்றவள். இருட்டில் அவரை விட்டுவிட்டு எங்கே போவாள்?

பஸ் வந்து நின்றது. படியில் ஏறியவன் திரும்பினான். "இன்னொரு இடம் சொல்லுங்களேன்... பொய்யா இருந்தாலும் சரி."

"டீச்சர் ஏறல்லியா?" என்றார் ரசலையன்.

"இல்ல." பிறகு மழைக்குள்ளிருந்து மெல்ல வந்தது அவள் குரல்.

"திருநெல்வேலியில பறவை உண்டான்னு பாருங்க... உங்க அம்மைகிட்டயும் கேளுங்க. எங்க அப்பாவை விட்டு என்னால வர முடியாதுன்னும் சொல்லுங்க. ஒண்ணும் இல்லன்னாலும்... நீங்களே வந்து சொல்லணும். நான் இங்கதான் நிப்பேன்."

பஸ் போய்விட்டது. ஒடிந்த குடையை விரிக்காமல், அவள் மழையிலேயே நின்றாள்.